குட்டைச் சுவருக்குப் பின்னால்

சொந்த வீட்டுக்குள்ளேயே நிமிர்ந்து நுழைய முடியாத இடம் ஒன்று உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. மெல்பேர்னில், மல்கிரேவ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூரைக்குள். சென்ற மாதம் ஒரு முழு வார இறுதியை அதற்குள் குப்புறப் படுத்தபடி கழித்தேன். முதுகு இன்னும் நிமிரவில்லை. இந்தப் பத்தியைக்கூட நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்... உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் தேட வேண்டியிருக்கிறது.

இந்த வயதில் இது தேவையா? என் மனைவி வதனியும் இதையேதான் கேட்டாள். தேவைதான் என்று சொன்னேன். ஏன் தேவை என்பது அப்போது எனக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

கதை மகளிடமிருந்து தொடங்குகிறது.

ஆரணிக்கு முப்பது தாண்டிவிட்டது. ஹாஸ்பிட்டலில் நேர்ஸ். பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து குளித்துவிட்டு மேலே ஏறினால் பின்னேரம்தான் இறங்குவாள். அவளுடைய அறை, எங்களுக்கு முன்னால் இருந்தவர் கூரைக்குள் கட்டிவிட்டுப் போன அறை. வீடு வாங்கும்போது அந்த அறையைப் பார்த்துத்தான் மயங்கினோம். நடுவில் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு பக்கமும் கூரை சரிந்து வரும். சரிந்து வந்து தரையைத் தொடுவதற்கு முன்னால், இடுப்பளவு உயரத்தில் ஒரு குட்டைச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால், கூரைக்கும் தரைக்கும் நடுவில், முக்கோணமாக ஓர் இருட்டு. அதற்குள் போக ஒரு சின்னக் கதவு. கதவுக்கு முன்னால் சூட்கேஸ்கள் — தமிழ் வீட்டில் வேறு என்ன இருக்கும்?

கொஞ்சக் காலமாக ஆரணி மத்தியானமே இறங்கி வரத் தொடங்கினாள். கண் சிவந்திருக்கும். யாரோடும் கதைக்க மாட்டாள். ஒருநாள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஐ கான்ட் ஸ்லீப் அப் தேர், அப்பா."

அடுத்த வாரம் இன்னொன்று சொன்னாள். ஹாஸ்பிட்டலுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்க்கிறாளாம். தனியாக இருக்கப் போகிறாளாம்.

வதனி கையில் இருந்த கோப்பையை அப்படியே மேசையில் வைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயமா? பொய் சொல்லக் கூடாது... அதுவும்தான். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. காலையில் அவளுடைய கார் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு அன்றைய நாளே தொடங்கும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஏன் பிள்ளை, என்ன பிரச்சினை?" என்று கேட்டேன்.

"இட்ஸ் தி ரூம்" என்றாள்.

அறைதான் பிரச்சினை! எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மனிதர்தான் பிரச்சினை என்றால் எங்கே போய் முட்டுவது? அறை என்றால் ஹார்ட்வேர் கடைக்குப் போகலாம்.

உடனே மேலே போய்ப் பார்த்தேன். ஜனவரி வெயில். குட்டைச் சுவரில் கையை வைத்தேன். சுவரா, தோசைக்கல்லா? ஏசி ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. சுவர் இன்னொரு பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. சூட்கேஸ்களை இழுத்துப் போட்டுவிட்டுச் சின்னக் கதவைத் திறந்து டோர்ச் அடித்தேன். அறைக்கு மேல் சரிந்த கூரைக்குச் சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் பஞ்சு போட்டிருந்த அந்த மகராசன், குட்டைச் சுவரை அப்படியே விட்டிருந்தார். மெல்லிய ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் என் மகள், அந்தப் பக்கம் மெல்பேர்ன் வெயில்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை செந்திலிடம் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர். எதற்கும் ஒரு தீர்வு வைத்திருப்பவர்.

"ஏங்க, இன்னும் பெரிய ஏசியா ஒண்ணு மாட்டிட்டா முடிஞ்சுது. எதுக்குங்க கூரைக்குள்ள எல்லாம் போறீங்க?"

அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் என் முதுகு தப்பியிருக்கும். வேறு ஒன்று தப்பியிருக்காது. அதற்குத்தான் வருகிறேன்.

வீடியோக்கள் பார்த்தேன். இந்த விஷயத்தில் எல்லோரும் விடும் பிழை, சுவருக்கு மட்டும் பஞ்சை அடைத்துவிட்டு இறங்கி வந்துவிடுவதாம். சுவருக்கு அடியால், அறைத் தரையைத் தாங்கும் தரைமரங்கள் ஓடுகின்றன. அந்த மரங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி திறந்தபடியே கிடக்கும். பின்னாலிருந்து வரும் சூடு அதற்குள்ளால் புகுந்து, அறைத் தரைக்குக் கீழே போய், கட்டிலுக்கு அடியில் குடியிருக்கும். ஆகவே சுவர், சுவருக்கு அடியில் இருக்கும் இடைவெளிகள், அந்தச் சின்னக் கதவு — மூன்றையும் அடைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பட்ட பாடு வீண்.

ஒரு சனிக்கிழமை விடியலில் தொடங்கினேன். சத்தமாக இருக்கும் என்று ஆரணி அந்த வார இறுதிக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது, "அப்பா, டோன்ட் டூ திஸ் ஃபார் மீ" என்றாள். பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முகத்துக்கு மாஸ்க். கண்ணுக்குக் கண்ணாடி. கைக்கு உறை. அந்த வெக்கையில் முழுக்கைச் சட்டை. இவ்வளவும் போட்ட பிறகும் அந்தப் பஞ்சு எப்படியோ கழுத்துக்குள் புகுந்து அரிக்கும். இங்கே அதை 'பற்ஸ்' என்பார்கள். மெத்தையைத் துண்டு போட்டது போல இருக்கும். மரச்சட்டங்களுக்கு நடுவில் மெதுவாகப் பொருத்த வேண்டும். அமுக்கித் திணித்தால் வேலை செய்யாதாம். வேலைக்கு மேல் வேலை திணிக்கும் எங்கள் அலுவலக மனேஜருக்கு இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முழங்கால் தேய்ந்தது. தலை கூரைமரத்தில் இடித்தது. இடித்த இடத்திலேயே திரும்பவும் இடித்தது. கீழேயிருந்து வதனி அடிக்கடி குரல் கொடுத்தாள். "என்னப்பா, இருக்கிறியளோ?" இருக்கிறேன் என்று தரையில் தட்டிக் காட்டுவேன். வாயைத் திறக்கவும் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சுவரை முடித்துவிட்டுத் தரைமர இடைவெளிகளுக்கு வந்தேன். ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு ஊர்ந்து போனால், மூலையில், ஆரணியின் கட்டில் தலைமாட்டுக்கு நேர் பின்னால், ஒரு வட்டமான வெளிச்சம். கிட்டப் போனேன். குசினிச் சீலிங்கில், சமையல் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற எக்ஸோஸ்ட் ஃபேன்! புகையை வெளியே கொண்டுபோகக் குழாய் ஒன்றும் இல்லை. நேரே இந்த இருட்டுக்குள் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. மீன் பொரித்த அன்றெல்லாம் ஆரணி மூக்கைச் சுளித்துக்கொண்டு இறங்கி வருவது இதனால்தானா?

ஃபேன் அப்போது ஓடவில்லை. இதழ்களுக்கு நடுவால் பார்த்தால் எங்கள் அடுப்பு தெரிந்தது. வதனியின் உச்சி வகிடு தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது.

ரொறன்ரோவில் இருந்து மச்சான். வதனியின் அண்ணன். தகப்பன் போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய மனிதர். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவருக்குச் சனி இரவுச் சாப்பாடு முடிந்த நேரம், எங்களுக்கு ஞாயிறு முற்பகல். ஒவ்வொரு வாரமும் அந்த நேரத்துக்குத்தான் எடுப்பார். எங்களுக்கும் அது வசதி. ஏனென்றால் ஆரணி நைட் ஷிஃப்ட் முடித்து வந்து மேலே நித்திரை. "பிள்ளை படுத்திட்டாள், இப்ப கதைக்கலாம்" என்று சொல்லித்தான் வதனி தொடங்குவாள்.

எங்கள் ஆட்கள் ரகசியம் பேசும் முறையே தனி. கதவைச் சாத்துவோம். குரலைத் தாழ்த்துவோம். பிறகு போனை ஸ்பீக்கரில் போடுவோம்.

"வதனி, நான் சொல்லுறதைக் கேள்."

நான் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கி, மூன்றாவது தடவையாக இடித்துக்கொண்டேன். மச்சான் கூரைக்குள் என் பக்கத்தில் படுத்திருப்பது போல இருந்தது. அவ்வளவு தெளிவு. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"பொடியன்ர முதல் கலியாணம் சரிவரேல்லை எண்டால் என்ன? தங்கமான பொடியன். இவளுக்கும் வயசு ஏறிப்போச்சு. இனி வாறதைப் பிடிக்கவேணும், தெரிவு செய்யேலாது."

"ஓம் அண்ணை" என்றாள் வதனி.

"இரவிரவா வேலைக்குப் போற பெட்டையை ஆர் எடுப்பான்? அதையும் யோசி."

"ஓம் அண்ணை."

"எவ்வளவு காலத்துக்கு வீட்டில வைச்சுப் பாக்கப் போறியள்? உங்களுக்கும் பாரம், அவளுக்கும் வெக்கம்."

"ம்... ஓம் அண்ணை."

வாராவாரம் கேட்ட கதைதான். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நானும் கேட்டிருக்கிறேன். அண்ணனை எதிர்த்து ஒரு சொல் சொல்லிப் பழகியவள் இல்லை வதனி. போனை வைத்த பிறகு, "அண்ணைக்கு வேற வேலையில்லை" என்று முணுமுணுத்துவிட்டுக் கறிக்கு உப்புப் பார்க்கப் போய்விடுவாள். அந்த முணுமுணுப்பு எனக்குத் தெரியும். இதுவரைக்கும் நான் அதைக் கீழே இருந்துதான் கேட்டிருந்தேன்.

மேலே இருந்து கேட்டால்?

போன் வைக்கும் சத்தம் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வதனி அடுப்புப் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தாள். அது மட்டும் மேலே வரவில்லை.

ஒரு பஞ்சுத் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே கிடந்தேன். பக்கத்தில், மெல்லிய பலகைக்கு அந்தப் பக்கம், என் பிள்ளையின் தலையணை. இட்ஸ் தி ரூம். பாவி நான்! பிள்ளை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். நான்தான் ஹார்ட்வேர் கடைக்கு ஓடியிருக்கிறேன்.

ஊர்ந்து வெளியே வந்து, தூசியோடு கீழே இறங்கினேன். வதனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"என்னப்பா, ஏன் இப்பிடி முகம்?"

"நீர் ஒருக்கா மேல போய் ஆரணியின்ர கட்டிலில படும்."

"விசரோ உங்களுக்கு?"

"போய்ப் படும்."

போனாள். கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, குரலை உயர்த்தாமல், வழக்கமாகக் கதைக்கும் குரலில் கேட்டேன்.

"ரீ போடட்டோ?"

"சீனி வேண்டாம்" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

ரீயைப் போட்டேன். ஆடை படிந்தது. அவள் இறங்கி வரவில்லை. நான் ஏறிப் போய்ப் பார்த்தபோது, பிள்ளையின் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"எல்லாம் கேட்டிருப்பாளோ?"

"கேட்டிருப்பாள்."

"நான் ஓம் ஓம் எண்டதும்?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள். நானும் செருமிக்கொண்டேன். பஞ்சுத் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

பிள்ளை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? "மாமா பாசத்தில சொல்லுறார்" என்றிருப்போம். அதுவும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அறையில் பழியைப் போட்டுவிட்டு ஃபிளாட் பார்த்தாள். எங்களுக்கு நோகக்கூடாது என்று.

"சரி, எழும்பும்" என்றேன். "ஃபேனுக்கு ஒரு குழாய் மாட்டி வெளியால விட்டுப்போட்டு, இந்தக் கடைசி இடைவெளியையும் அடைச்சுவிடுறன். இனி ஒண்டும் கேக்காது."

இதுதான் ஆம்பிளைப் புத்தி. ஓட்டையை அடைத்தால் விஷயம் முடிந்தது.

வதனி கண்ணைத் துடைத்தாள்.

"பொறுங்கோ. அதை இப்ப அடைக்காதேங்கோ."

"ஏன்?"

"ஒரு கிழமை இருக்கட்டும்."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. உண்மையில், திரும்பவும் அதற்குள் ஊராமல் இருக்க எந்தச் சாட்டுக் கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தேன்.

அந்த ஒரு வாரத்தில் ஆரணி இரண்டு ஃபிளாட் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்று பிடித்திருப்பதாகச் சொன்னாள். அறை எப்படி என்று கேட்டேன். சூடு குறைந்திருக்கிறது, தேங்க்ஸ் அப்பா என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்த ஞாயிறு. காலையில் கார் வந்து நின்றது. ஆரணி குளித்தாள், பட்டர் தடவிய பாணில் ஒரு துண்டு கடித்தாள், மேலே ஏறினாள். வதனி அன்று ஹாலிலேயே இருப்புக் கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். நானும் பின்னால் போய், ஏதோ ஒரு வேலை வேண்டுமே என்று வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

வழக்கமாகச் சொல்லும் "பிள்ளை படுத்திட்டாள்" அன்று இல்லை. ஸ்பீக்கரைப் போட்டாள். அடுப்புப் பக்கம் வந்து, ஃபேனுக்கு நேர் கீழே நின்றாள்.

"வதனி, பொடியன்ர ஆக்கள் முடிவு கேக்கினம். நான் ஓம் எண்டு சொல்லட்டோ?"

"இல்லை அண்ணை."

ரொறன்ரோவில் பனி விழுவது கேட்டிருக்கும்.

"என்ன, இல்லையோ?"

"இல்லை. எங்களுக்கு அது வேண்டாம். அவள் தனக்கு எப்ப வேணுமோ அப்ப சொல்லட்டும். ஒருநாளும் வேண்டாம் எண்டாலும் சரி."

"ஏன் இப்பிடிக் கத்துறாய்? எனக்குக் காது கேக்கும்."

வதனி குரலைக் குறைக்கவில்லை. ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவள் இரவிரவா நிண்டு சனத்தைப் பாக்கிற பிள்ளை. எனக்கு அதில ஒரு வெக்கமும் இல்லை. அவள் இந்த வீட்டில இருக்கிறது எங்களுக்குப் பாரமும் இல்லை. நான் இதை முந்தியே உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும் அண்ணை. இனி அவளைப் பற்றிக் கதைக்கிறதெண்டால், அவளோடயே கதையுங்கோ."

"ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுதோ உனக்கு?"

"தெரியும் அண்ணை. சுகமா இருங்கோ. வைக்கிறன்."

வைத்துவிட்டாள். கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். நான் என் பங்குக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். கண்ணீர் வடிந்தது எனக்குத்தான்; வெங்காயம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மேலே ஒரு அசைவும் இல்லை. ஒருவேளை பிள்ளை நித்திரையோ? இவ்வளவு பாடுபட்டு அண்ணனோடு முறித்துக்கொண்ட அன்றைக்குப் பார்த்து, நான் போட்ட இன்சுலேஷன் வேலை செய்து, பிள்ளை நன்றாகத் தூங்கிவிட்டாளோ? எங்கள் அதிர்ஷ்டத்துக்கு அப்படியும் நடக்கும்.

பிறகு படி கிறீச்சிட்டது.

ஆரணி தலைமயிர் கலைந்தபடி இறங்கி வந்தாள். தாய்க்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். தாயின் முன்னால் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். வதனி அவளைப் பார்க்கவே பயந்து மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். ஆரணி அந்தக் கையைப் பிடித்து, நீவுவதை நிறுத்தினாள். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து பிள்ளை கேக்குது?" என்று கேட்டேன்.

"ஃபார் எவர், அப்பா" என்றாள். "ஐ கேன் ஈவன் ஹியர் மாமா காஃபிங்."

"அப்ப அந்த ஃபிளாட்...?"

"பாப்பம்" என்றாள். தமிழில் சொன்னாள்.

எழும்பிப் படியில் இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள். சீலிங்கில் இருந்த ஃபேனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நௌ யூ கேன் க்ளோஸ் இட்."

அன்று பின்னேரமே அடைத்தேன். ஃபேனுக்குக் குழாய் மாட்டி வெளியே விட்டேன். சின்னக் கதவுக்கும் பஞ்சு ஒட்டி, சுற்றிவர ரப்பர் பட்டி வைத்தேன். சூட்கேஸ்கள் பழைய இடத்துக்குப் போயின. ஆரணி இப்போது பின்னேரம் வரைக்கும் தூங்குகிறாள். ஃபிளாட் கதை திரும்ப வரவில்லை. வந்தாலும் இனி அது எங்களிடமிருந்து தப்பி ஓடுவதாக இருக்காது. அந்த ஒன்றில் எனக்கு ஆறுதல். முதுகுக்கு மட்டும் இன்னும் ஆறுதல் இல்லை.

மச்சான் அதன் பிறகு எங்களுக்குப் போன் எடுக்கவில்லை. வதனி எப்படியும் வருஷப்பிறப்புக்கு அவருக்குப் போன் எடுப்பாள், அவரும் கதைப்பார். அதுவரைக்கும்... உண்மையைச் சொல்கிறேன், ஒரு வீட்டுக்கு இதைவிட நல்ல இன்சுலேஷன் கிடையாது.